மார்புப் பட்டை சரியாக எண்ணுகிறது, செயலிதான் தப்பாகச் சொல்கிறது: இதய நோயாளிகளுக்குப் போலார் எச்10

58 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்டென்ட் வைத்தாயிற்று. தினமும் மெட்டோப்ரோலால் 50 மில்லிகிராம்; துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை அது. துடிப்பை எண்ணும் போலார் எச்10 மார்புப் பட்டையை வாங்கி, போனில் உள்ள அதன் செயலியில் வயதைப் போட்டதும் அது 220-இலிருந்து 58-ஐக் கழித்து, உங்கள் உச்சத் துடிப்பு 162 என்று தீர்மானித்துவிடும். அதில் 70 முதல் 80 சதவீதம் வரை, அதாவது 113 முதல் 130 வரை, ‘மிதமான’ மண்டலமாம். ஆனால் இவர் வழக்கமான மாத்திரையோடு டிஎம்டி (ட்ரெட்மில்லில் நடக்கவைத்து ஈசிஜி பார்க்கும் சோதனை) செய்தபோது மூச்சு முட்டி நிறுத்திய இடம் 126. செயலி மிதம் என்று சொல்வதில் மேல் நுனி இவரால் தொடவே முடியாத இடம்; மீதி இவருக்குக் கடும் உழைப்பு. பட்டை பொய் சொல்லவில்லை. 113 என்று அது காட்டினால் இதயம் 113 முறைதான் துடித்திருக்கும். அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்வதில்தான் கோளாறு.

இந்த மதிப்புரையின் தீர்ப்பும் அதுதான். போலார் எச்10 அளவெடுக்கும் கருவியாக மிக நல்லது. பெட்டியைப் பிரித்த கையோடு, செயலியின் இயல்பு அமைப்பை மாற்றாமல் இதய நோயாளி மாட்டிக்கொண்டு நடந்தால் ஆபத்தானது. அமைப்பை மாற்றப் பத்து நிமிடம் போதும்; ஆனால் கையில் இரண்டு காகிதங்கள் வேண்டும்: மாத்திரைச் சீட்டும் டிஎம்டி அறிக்கையும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. போலார் பின்லாந்து நிறுவனம், 1977-இல் தொடங்கியது. எச்10 இரண்டு பாகம்: துணிப் பட்டை, அதில் பொத்தானைப் போல் அழுத்தி மாட்டும் சிறு பெட்டி. உள்ளே சிஆர் 2025 நாணய பேட்டரி; சுமார் 400 மணி நேரம் வரும் என்கிறது நிறுவனம். தினம் 45 நிமிடம் நடப்பவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பேட்டரி அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறோம். புளூடூத் வழியே ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு பேசும். ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பும் உண்டு. ஜிம்மில் உள்ள பழைய ட்ரெட்மில்லுக்கு உதவும் 5 கிலோஹெர்ட்ஸ் அலையும் உண்டு. ஒரே ஒரு பயிற்சியைத் தன் நினைவகத்தில் பதிந்துவைக்கும். போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடலாம் என்பதற்காக. ஓட்டக்காரருக்கு அது வசதி. இதய நோயாளி போன் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. ஆகவே அந்த வசதிக்காகக் காசு கொடுக்கவேண்டாம்.

கையிலேயே வாட்ச் இருக்கிறதே, மார்பில் எதற்குத் தனியாக ஒன்று என்பது நியாயமான கேள்வி. வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளியை அடித்து, ரத்தம் வந்து போவதைப் பார்த்து எண்ணுகிறது. கை வீசி நடக்கும்போது வீச்சின் தாளமும் அதே ஒளியில் கலக்கிறது. நிமிடத்துக்கு 110 அடி வைக்கிறீர்கள், துடிப்பு 92 என்று வையுங்கள். சில நேரம் வாட்ச் அடியைப் பிடித்துக்கொண்டு 110 என்று காட்டும். வாட்சின் வார் தளர்வாக இருந்தாலும், கை சில்லிட்டிருந்தாலும் பிழை கூடும். உட்கார்ந்திருக்கும்போது ஓய்வுத் துடிப்பு பார்க்க வாட்ச் போதும். 88-க்கும் 100-க்கும் நடுவே நின்று நடக்க வேண்டிய ஒருவருக்கு 15 துடிப்புப் பிழை என்பது முழு மண்டலத்தையே விழுங்கிவிடும். மார்புப் பட்டை ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதில்லை. இதயத்தின் மின்னோட்டத்தையே ஈசிஜி போலப் பிடித்து, ஒவ்வொரு கூர்முனையையும் எண்ணுகிறது. வாட்சுகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் ஒப்பிடும் அளவுகோலாகவே எச்10 பலமுறை பயன்பட்டிருக்கிறது.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த விரல் ஆக்சிமீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. நடந்துகொண்டே பார்க்க முடியாது. நின்று, விரலை நுழைத்து, எண் நிலைப்பதற்குள் பத்துப் பதினைந்து விநாடி போய்விடும். அதற்குள் துடிப்பு இறங்கத் தொடங்கியிருக்கும். மருதாணியும் நகப்பூச்சும் வேறு குறுக்கே நிற்கும். ட்ரெட்மில் கைப்பிடியில் உள்ள உலோகத் தகடும் அப்படியே. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் உடல் எடையில் ஒரு பங்கைக் கை தாங்கிவிடும். திரையில் தெரியும் வேகத்துக்கு உண்மையான உழைப்பு குறைந்துபோகும். இறுக்கிப் பிடித்தாலோ ரத்த அழுத்தம் ஏறும். இவை எதுவுமே வேண்டாம் என்றால் மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது காசில்லாத வழி. ஒரு துடிப்பு தவறினால் நான்கு தவறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அணிவது எளிது, ஆனால் பாதிப் புகார்கள் இங்கேதான் பிறக்கின்றன. மார்புத் தசைக்குக் கீழே, நெஞ்செலும்பின் அடிநுனி மட்டத்தில் பட்டை உட்கார வேண்டும். உட்புறம் கருப்பாகத் தெரியும் மின்முனைகள் இரண்டையும் தண்ணீரால் நன்றாக நனையுங்கள். உலர்ந்த தோலில் மாட்டிவிட்டு வெளியே வந்தால் முதல் ஐந்து நிமிடம் எண் 60-க்கும் 190-க்கும் குதிக்கும்; வியர்த்ததும் தானாகச் சரியாகும். அந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு, ‘துடிப்பு 190 போயிற்று’ என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. பாலியெஸ்டர் டி-சர்ட் காற்றில் உரசினாலும் இதே குதியாட்டம்தான். ஏசி அறையில் வியர்க்காமல் நடப்பவர்கள் ஒரு துளி ஈசிஜி ஜெல்லி தடவிக்கொள்ளலாம். மருந்துக்கடையில் கிடைக்கும், பிறகு கழுவிவிட வேண்டும். குளித்த கையோடு மார்பில் பவுடர் அப்பிக்கொள்ளும் பழக்கம், தேங்காய் எண்ணெய் தேய்க்கும் பழக்கம் இரண்டும் மின்முனைக்கு எதிரி. நெஞ்சு முடி அடர்த்தியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர், மழிக்கத் தேவையில்லை. பெண்கள் உள்ளாடையின் கீழ்ப்பட்டிக்கு அடியில் மாட்டினால் நகராது. இறுக்கம், பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு.

பைபாஸ் செய்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நெஞ்செலும்பைப் பிளந்த தழும்பின் கீழ்முனையும், அறுவையின்போது குழாய் வைத்த துளைகளும் பட்டை உட்காரும் இடத்துக்கு மிக அருகிலேயே இருக்கும். எலும்பு ஒன்றுசேரவே 8 முதல் 12 வாரம் ஆகும். அதற்குள் காயத்தின் மேல் ஈரப்பட்டையை இறுக்கிக் கட்டுவது புண்ணை வரவழைக்கும் வேலை. தழும்பு தடித்து மேடாக வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அதன் பிறகும் உராய்வு நமைச்சல் தரும். அவர்களுக்கு மேற்கையில் மாட்டும் ஒளிப்பட்டை உண்டு. போலாரிலேயே வெரிட்டி சென்ஸ் அந்த வகை. மேற்கையில் சதை அதிகம், ஆட்டம் குறைவு. மணிக்கட்டைவிட நன்றாகவே எண்ணும்.

இனி எண்களை அமைப்பது. சிரமப்பட்டுச் செய்ய வேண்டியது இதைத்தான்.

டிஎம்டி அறிக்கையை எடுங்கள். இங்கே பெரும்பாலும் புரூஸ் முறையில்தான் செய்கிறார்கள்: முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றம்; அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம்; அதற்கடுத்து 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். அறிக்கையில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: எட்டிய உச்சத் துடிப்பு, எத்தனை மெட் (உழைப்பை அளக்கும் அலகு), எதனால் நிறுத்தினார்கள், எஸ்டி மாற்றம் (இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று ஈசிஜி கோடு காட்டும் அடையாளம்) ஏதாவது எழுதியிருந்தால் அது எந்தத் துடிப்பில் தொடங்கியது. ஐந்தாவதாக, அறிக்கையில் பலமுறை எழுதாமல் விட்டுவிடும் ஒன்று உண்டு: அன்று பீட்டா பிளாக்கர் சாப்பிட்டீர்களா? அடைப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் செய்யும் டிஎம்டிக்கு ஓரிரு நாள் முன்பே அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது வழக்கம். மாத்திரை இல்லாமல் 150 தொட்டவருக்கு மாத்திரையோடு 125-தான் வரும். அந்த 150-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் வயதை வைத்துச் செயலி போட்ட அதே தப்புக்குத்தான் திரும்பி வருவோம். பயிற்சி அளவை முடிவுசெய்யும் சோதனையை வழக்கமான மாத்திரைகளோடு, முடிந்தால் நீங்கள் நடக்கும் அதே வேளையில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்துவதோ நேரம் மாற்றுவதோ கூடாது. திடீரென விட்டால் நெஞ்சுவலி திரும்பலாம்.

சரியான உச்சம் கிடைத்துவிட்டால் கணக்கு எளிது. உச்சம் 126. காலையில் எழுந்ததும் படுக்கையில் பட்டையோடு ஐந்து நிமிடம் கிடந்து பார்த்த ஓய்வுத் துடிப்பு 62. இடைவெளி 64. அதில் 40 சதவீதம் 26; ஓய்வோடு கூட்டினால் 88. 60 சதவீதத்தில் 100. ஆக முதல் வாரங்களில் 88 முதல் 100 வரை. சில மாதம் பழகி, மருத்துவர் சரி என்ற பிறகு 70 சதவீதம், 107. எண்பது சதவீதம் 113. செயலி முதல் நாளே ‘மிதம்’ என்று அழைத்துப்போன அதே 113. எஸ்டி இறக்கமோ நெஞ்சுவலியோ தொடங்கிய துடிப்பு அறிக்கையில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம்: 106-இல் தொடங்கியது என்றால் அதற்குப் பத்து கீழே, 96 தான் கூரை.

டிஎம்டியே இல்லாதவர்கள் ஏதாவது சூத்திரம் கேட்பார்கள். பீட்டா பிளாக்கர் சாப்பிடும் இதயநோயாளிகளை வைத்து 2004-இல் வெளியான ஒன்று இருக்கிறது: 164-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது. 58 வயதுக்கு ஏறத்தாழ 123. நம்மவரின் உண்மையான 126-க்கு அருகில் வந்துவிட்டது, ஆனால் அது அதிர்ஷ்டம். ஆளுக்கு ஆள் இருபது துடிப்புக்கு மேலும் தள்ளிப்போகக்கூடிய சூத்திரம் இது. 220 கழித்தல் வயதைவிட மேல் என்ற அளவில் மட்டும் நம்பலாம். ஐவாபிராடின், டில்டியாசெம், வெராபமில் ஆகிய மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் துடிப்பு அடக்கப்பட்டே இருக்கும்.

செயலியில் அமைப்புகளுக்குப் போய் உச்சத் துடிப்பு என்ற இடத்தில் 162-ஐ அழித்து உங்கள் எண்ணை இடுங்கள். மண்டல எல்லைகளையும் கையால் மாற்றுங்கள். இன்னொன்று, பட்டையை இணைக்கும்போது போனின் புளூடூத் பட்டியலில் தேடாதீர்கள். செயலிக்குள்ளேயே தேட வேண்டும். பட்டை உடம்பில் இருந்தால்தான் அது விழிக்கும். மேசையில் வைத்துக்கொண்டு ‘கருவி தென்படவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் ஏராளம்.

மாத்திரை நேரம் பற்றி இன்னும் கொஞ்சம். காலை ஐந்தரைக்கு நடை, எட்டு மணிக்கு டிபனுக்குப் பின் மாத்திரை என்பது நம் வீடுகளின் வழக்கம். நடக்கும் நேரத்தில் முந்தைய நாள் மாத்திரையின் வீரியம் அடிமட்டத்தில் இருக்கும். அதே வேகம் மாலையில் 92 காட்டும், காலையில் 102 காட்டும். இதயம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. எந்த வேளையில் நடக்கிறீர்களோ அந்த வேளையின் எண்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

நடை இப்படி அமைய வேண்டும். முதல் பத்து நிமிடம் மெதுவாக, துடிப்பு ஓய்விலிருந்து 15 அல்லது 20 ஏறும் அளவு. ரத்தக்குழாய் விரிய நேரம் கொடுக்காமல் எடுத்த எடுப்பில் வேகம் பிடித்தால், வலி வரக்கூடியவர்களுக்கு வழக்கத்தைவிடக் குறைந்த துடிப்பிலேயே வலி வந்துவிடும். பிறகு உங்கள் மண்டலத்துக்குள் முதல் வாரம் 10 முதல் 15 நிமிடம். வாரம் ஐந்து நிமிடம் மட்டும் கூட்டி 30, 40 நிமிடத்துக்குப் போங்கள். வேகத்தை அல்ல, நேரத்தைத்தான் முதலில் கூட்ட வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 150 நிமிடம் எட்டியபின் வேகத்தைப் பற்றி யோசிக்கலாம். கடைசிப் பத்து நிமிடம் மீண்டும் மெதுநடை. இதைத் தவிர்த்துச் சட்டென நின்றால் காலில் தேங்கிய ரத்தம் மேலே வராமல் தலைசுற்றும்; நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் அதிகம். பட்டையைக் கழற்றும் ஆவலில் பெரும்பாலோர் விட்டுவிடும் பகுதி இதுதான்.

மே மாதச் சென்னையிலும் மதுரையிலும் பட்டை இன்னொரு பாடம் நடத்தும். சமதரை, ஒரே வேகம். ஆனால் இருபதாவது நிமிடத்தில் 98 காட்டியது நாற்பதாவது நிமிடத்தில் 110 காட்டும். உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைவதால் இதயம் எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறது. இந்த இடத்தில் வேகத்தை விட்டுக்கொடுங்கள், துடிப்பைக் காப்பாற்றுங்கள். இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் கூடுதலாகக் குடித்துச் சமாளிக்க நினைக்கவேண்டாம். வெயிலுக்கு முன் முடித்துவிடுவதே வழி.

தமிழக அரசு 2023-இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை குறித்துக் கொடுத்தது நல்ல காரியம். நிழலும் சமதரையும் கிடைத்தால் அங்கேயே நடக்கலாம். ஆனால் 8 கிலோமீட்டர் என்பது மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதமான ஒருவருக்கு அது இலக்கல்ல. ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் போதும். போகும்போது வலுவிருக்கிறதே என்று தொலைவு போய்விட்டுத் திரும்ப முடியாமல் நிற்பதைவிட, வீட்டைச் சுற்றிச் சிறு வட்டம் அடிப்பது புத்தி.

நடை முடித்து மெதுநடைக்கு மாறிய முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பட்டை அழகாகக் காட்டும். உச்ச உழைப்புச் சோதனையில் அந்த இறக்கம் 12 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் நல்லதல்ல என்று மருத்துவர்கள் பார்ப்பதுண்டு. வீட்டு நடை உச்ச உழைப்பல்ல. எனவே 12 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு கவலைப்படாமல், மூன்று மாதத்தில் உங்கள் இறக்கம் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். அதே வேகத்தில் துடிப்பு குறைந்துகொண்டே வருவதும் பயிற்சி பலிக்கிறது என்பதற்கு அடையாளம்.

இன்டர்வெல் பயிற்சியைப் பற்றியும் கேட்பார்கள். நான்கு நிமிடம் கடுமை, மூன்று நிமிடம் இளைப்பாறல், இப்படி நான்கு சுற்று என்ற நார்வே முறை 2007-இல் இதயச் செயலிழப்பு நோயாளிகள் சிலரிடம் வியக்கத்தக்க பலன் காட்டியது. 2017-இல் வெளியான பெரிய ஆய்வில், சீரான மிதப் பயிற்சியைவிட அது மேலானது என்று நிரூபணமாகவில்லை. சொன்ன துடிப்பில் பலரால் நிற்கவும் முடியவில்லை. கண்காணிப்புள்ள மையத்தில் பழகாமல், பட்டை இருக்கிறதே என்ற தைரியத்தில் பூங்காவில் தொடங்க வேண்டியதில்லை.

பட்டை யாரிடம் தோற்கும்? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளம் தப்பிய துடிப்பு உள்ளவர்களிடம் முதலில். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறுவதால் ஒரே நடையில் 84, 131, 97 என்று ஓடும். பட்டை சரியாகத்தான் எண்ணுகிறது. ஆனால் அந்த எண்ணை வைத்து உழைப்பை அளக்க முடியாது. இவர்கள் வாங்கவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நீங்களே மதிப்பெண் போடும் போர்க் அளவுகோல் போதும்: 6-இலிருந்து 20 வரை, 11 என்றால் லேசு, 13 என்றால் கொஞ்சம் கடினம். அந்த இரண்டுக்கும் நடுவே நடந்தால் சரி. அதுவும் குழப்பமென்றால் பேச்சுப் பரிசோதனை: கூட நடப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், ராகம் இழுத்துப் பாட முடியக்கூடாது.

பேஸ்மேக்கர் வைத்தவர்களில் சிலருக்கு ஒரு விசித்திரம் நடக்கும். உடல் அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டும் வகைக் கருவி என்றால், நடக்கும்போது ஏறும். வீட்டு சைக்கிளில் மிதிக்கும்போது மார்பு அசையாததால் 65-லேயே நிற்கும், ஆள் மட்டும் களைத்துப்போவார். பட்டை பழுது என்று நினைக்கவேண்டாம். அந்தப் பதிவை பேஸ்மேக்கர் பரிசோதனைக்குப் போகும்போது காட்டுங்கள். கருவியின் மேல் எல்லையைத் தாண்டினால் துடிப்பு சட்டென்று பாதியாகக்கூடும். அந்த எல்லை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐசிடி (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்தும் கருவி) வைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: அது ஷாக் கொடுக்கத் தயாராகும் துடிப்புக்குக் குறைந்தது 10, சில மையங்கள் சொல்வதுபோல் 20, கீழேயே நிற்க வேண்டும். இரண்டு வகையினரும் போனை இடது சட்டைப்பையில் போடாதீர்கள். காந்தம் உள்ள போன்கள் கருவியைக் குழப்பலாம், 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பட்டையை முதல் தடவை மாட்டும்போது மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் மாட்டுங்கள்.

எச்10-இன் மின்னலையை வேறு நிறுவனச் செயலிகள் வரைபடமாகவே காட்டும். விநாடிக்கு 130 முறை அளவெடுக்கும், ஆனால் இதயத்தை ஒரே கோணத்திலிருந்துதான் பார்க்கும். இடையிடையே வரும் கூடுதல் துடிப்பை அதில் அடையாளம் காணலாம். அடைப்பின் அறிகுறியான எஸ்டி மாற்றத்தை அதில் படிக்க முடியாது. ‘கோடு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நெஞ்சுவலியோடு தொடர்ந்து நடப்பதுதான் இந்த வசதியால் வரக்கூடிய மிகப் பெரிய கேடு. வலி, இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் பாரம், வழக்கமில்லாத மூச்சிரைப்பு, கண் இருட்டல், இதில் எது வந்தாலும் எண் என்ன என்று பார்க்காமல் உட்காருங்கள். மருத்துவர் சார்பிட்ரேட் என்ற நைட்ரேட் மாத்திரை கொடுத்திருந்தால் உட்கார்ந்தபடி நாக்கடியில் ஒன்று. ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108. ஆண்மைக்குறைவு மாத்திரை சாப்பிட்டிருந்தால் சார்பிட்ரேட் கூடாது, மருத்துவக் குழுவிடம் அதைச் சொல்லவும் கூச்சப்படக்கூடாது. சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு ஒரு சிக்கல்: பீட்டா பிளாக்கர் தாழ்சர்க்கரையின் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், பட்டையிலும் துடிப்பு ஏறாது. வியர்வை மட்டும் தெரியும். பையில் நான்கு குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும்.

ரத்த அழுத்தத்தையும் இந்தப் பட்டை அறியாது. காலையில் 180-க்கு 110-ஐத் தாண்டியிருந்தால் அன்று நடை இல்லை. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறியிருந்தால் காலில் நீர் கோத்திருக்கலாம். அன்றும் இல்லை, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பராமரிப்புக்கு வருவோம். நடை முடிந்ததும் பெட்டியைப் பட்டையிலிருந்து கழற்றுங்கள். கழற்றாமல் ஈரப்பட்டையோடு கொடியில் போட்டால் உடம்பில்தான் இருக்கிறோம் என்று அது நினைத்துக்கொண்டு விழித்தே கிடக்கும். 400 மணி நேர பேட்டரி சில வாரத்தில் தீர்வது இப்படித்தான். வியர்வை உப்பு அழுத்துப் பொத்தானைப் பச்சை பிடிக்கவைக்கும். பட்டையை ஒவ்வொரு முறையும் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். வாரம் ஒருமுறை மிதமான சோப்பு. பிழியாதீர்கள், இஸ்திரி வேண்டாம், வெயிலில் காயப்போட்டால் எலாஸ்டிக் சீக்கிரம் தளரும். பேட்டரி மாற்றும்போது மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வியர்வை உள்ளே போகும். பழைய நாணய பேட்டரியைப் பேரக்குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொத்துவிடும். ஒரு நாள் திடீரென எண் தாறுமாறாகக் குதித்தால் முதலில் கழுவுங்கள், பிறகு பேட்டரியை மாற்றுங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் துணிப் பட்டையை மட்டும் புதிதாக வாங்குங்கள். மின்முனைத் துணி தேய்மானப் பொருள்தான்; பெட்டியை மாற்றவேண்டிய நிலை அரிது.

எச்10-ஆ எச்9-ஆ? எச்9-இல் நினைவகம் இல்லை, புளூடூத் இணைப்பு ஒன்றுதான், பட்டை சற்று எளிமையானது, விலையும் குறைவு. எண்ணும் வேலையில் இந்த வகைப் பயனாளருக்குத் தெரியும்படியான வித்தியாசம் இல்லை. போனோடு தனியாக நடப்பவருக்கு எச்9 போதும். மறுவாழ்வு மையத்தில் பிசியோதெரபிஸ்டின் டேப்லெட்டிலும் உங்கள் போனிலும் ஒரே நேரத்தில் எண் தெரிய வேண்டும் என்றால் எச்10. எதுவானாலும் ஆர்டர் போடுமுன் மார்புச் சுற்றளவை டேப் வைத்து அளந்து பாருங்கள். பட்டை சிறியது, பெரியது என்று இரண்டு அளவில் வருகிறது. ஒல்லியான உடம்புக்குப் பெரியது வாங்கினால் கொக்கியை எவ்வளவு இழுத்தாலும் தளர்ந்தே தொங்கும்.